முப்பது கிராம் பறவையின் முகவரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

1758-இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் ஒரு சின்னப் பறவைக்குப் பெயர் வைத்தார். அலகின் நுனி கரண்டிபோலத் தட்டையாக விரிந்திருந்ததால், கரண்டிவாயன் என்னும் பெரிய நீர்ப்பறவையின் குட்டை உறவாக அதைக் கருதி, அதே பேரினத்தில் சேர்த்துவிட்டார். வாழும் இடம் என்ற வரியில் அவர் எழுதியது சூரினாம். சூரினாம் இருப்பது தென் அமெரிக்காவில். இந்தப் பறவையின் ஊரோ உலகின் மறுபக்கம். முட்டையிடுவது ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், குளிர்காலத்தைக் கழிப்பது தென்கிழக்கு ஆசியாவின் சேற்றுக் கரைகளில்.

முதல் பதிவிலேயே முகவரி தப்பாகிப்போன அந்தப் பறவைதான் கரண்டிமூக்கு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். எடை சுமார் 30 கிராம். அதன் சரியான முகவரியைத் தேடும் வேலை அதற்கப்புறம் 250 ஆண்டுகள் நீண்டது. மியான்மரின் மொட்டமா வளைகுடாவில் அது பெரும் எண்ணிக்கையில் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று 2008-இல்தான் தெரியவந்தது. அதே 2008-இல், அழியும் இனங்களைப் பட்டியலிடும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அதை 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலுக்கு மாற்றியது. அழிவுக்கு முந்தைய கடைசிப் படிகளில் ஒன்று அது. வீடு தெரிந்த ஆண்டும், வீட்டுக்காரர் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டார் என்று அறிவித்த ஆண்டும் ஒன்றே.

ஒரு பறவை எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதை இந்தப் பறவையை வைத்தே பார்ப்போம். அறிவியல் பின்னணி எதுவும் தேவையில்லை. பள்ளியில் படித்த பூமி உருண்டையும் அதன் சுழற்சியும் நினைவிருந்தால் போதும்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

வலசை என்றதும் நம் மனதில் வருவது வரைபடத்தில் வளைந்து செல்லும் ஒரு நீண்ட கோடு. இங்கிருந்து அங்கே, 8,000 கிலோமீட்டர். செய்திகளும் அந்தத் தூரத்தைத்தான் பெரிதாகப் போடும். தூரத்தைக் குறை சொல்லவில்லை, வியக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு பறவையைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அந்தக் கோட்டைவிட, கோடு எங்கெங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

அந்தக் காலத்தில் நடந்தே தலயாத்திரை போனவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பாதையை நம்பிப் போகவில்லை, சத்திரங்களை நம்பிப் போனார்கள். ஒரு சத்திரத்திலிருந்து அடுத்ததற்கு ஒரு நாள் நடை. நடுவில் ஒரு சத்திரம் மூடியிருந்தால், பாதை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கரைப்பறவைகளின் நிலையும் இதுதான். ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே கிளம்பும் உள்ளான், வழியில் சில சேற்றுப் பரப்புகளில் இறங்கி, புழுவையும் சின்ன இறாலையும் தின்று கொழுப்பேற்றி, மறுபடி பறக்கிறது. அந்தக் கொழுப்புதான் அடுத்த கட்டத்துக்கான எரிபொருள். இப்படி நின்று போகும் இடங்களைத் தங்கல் தளங்கள் என்கிறார்கள்.

தளம் என்றால் எந்தக் கடற்கரையும் ஆகாது. கடல் வற்றும்போது பல கிலோமீட்டர் அகலத்துக்குச் சேறு வெளிப்பட வேண்டும். அந்தச் சேற்றின் பதமும் பொருந்த வேண்டும். ஏற்றத்தின்போது அந்தச் சேறு முழுதும் மூழ்கிவிடும் என்பதால், பக்கத்திலேயே நனையாமல் நிற்க ஒரு மேடும் வேண்டும். இத்தனையும் ஒன்றாக அமைந்த இடங்கள் கொஞ்சம்தான். அவற்றில் முக்கியமானவை சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலைச் சுற்றி இருக்கின்றன. அந்தக் கடலோரச் சேற்றுப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஐம்பது ஆண்டுகளுக்குள் காணாமல் போயிற்று. துறைமுகம், தொழிற்பேட்டை, மீன் பண்ணை, வயல் என்று தூர்த்துவிட்டார்கள். தென்கொரியாவில் 2006-இல் கட்டி முடித்த சேமாங்கும் கடற்சுவர் ஒன்றே 33 கிலோமீட்டர் நீளம். அதன் உள்ளே அடைபட்ட சேறு, கரண்டிமூக்கு உள்ளான்கள் கூட்டமாக வந்து இறங்கிய இடங்களில் ஒன்று.

ஆக, தேடுவது புள்ளிகளை.

காலில் ஒரு சீட்டு

பறவைகள் எங்கே போகின்றன என்று மனிதன் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு பறவை பருவம் மாறும்போது வேறொரு பறவையாகவே மாறிவிடுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் சார்ல்ஸ் மார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், பறவைகள் குளிர்காலத்தில் நிலவுக்குப் போகின்றன என்று வாதிட்டார். சிரிக்கலாம். ஆனால் அவர் கையிலிருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு மோசமான ஊகம் இல்லை. போவது தெரிகிறது, போன இடம் தெரியவில்லை. மிச்சமிருப்பது நிலவுதானே.

முறையான தேடல் 1899-இல் டென்மார்க்கில் தொடங்கியது. ஹான்ஸ் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், மைனா குடும்பத்தைச் சேர்ந்த பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் துத்தநாக வளையத்தை மாட்டிப் பார்த்து, கனம் அதிகம் என்று கைவிட்டிருந்தார். பறவை எவ்வளவு சுமக்கும் என்ற கேள்வி இந்தத் துறையின் முதல் நாளிலிருந்தே கூட வருகிறது.

வளையத்தில் ஒரு பெரிய சிக்கல். அதிலுள்ள எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் பறவை மறுபடி கைக்கு வர வேண்டும், உயிரோடோ செத்தோ. உலகில் சில நூறே மிஞ்சியிருக்கும் ஒரு பறவை இரண்டாம் முறையாக வலையில் சிக்கட்டும் என்று காத்திருப்பது வீண்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் கால்கொடி. நெகிழித் துண்டு ஒன்றைக் காலைச் சுற்றி மாட்டி, ஒரு முனை சின்னக் கொடிபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டிவிடுவார்கள். நிறத்தைப் பார்த்தால் எந்த வட்டாரத்தில் மாட்டியது என்று தெரிந்துவிடும். கிழக்கு ஆசிய வலசைப் பாதையில் நாடுகள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா. ஆரஞ்சு என்றால் அதே நாட்டின் விக்டோரியா மாநிலம். ரஷ்யாவின் சுகோட்கா பகுதியில் மெய்னிபில்கினோ என்னும் கடலோரச் சிற்றூரைச் சுற்றிக் கூடு கட்டும் கரண்டிமூக்கு உள்ளான்களுக்கு எலுமிச்சைப் பச்சை. கொடியின் மேல் ஓரிரண்டு எழுத்தோ எண்ணோ பெரிதாகப் பொறித்திருக்கும். தொலைநோக்கியால் தூரத்திலிருந்தே படித்துவிடலாம். பறவையைத் தொட வேண்டியதில்லை.

தொட வேண்டியதில்லை என்றேனே தவிர, பார்ப்பது லேசு என்று சொல்லவில்லை. அந்தப் புகழ்பெற்ற கரண்டி அலகு, பறவை நேர் எதிரே திரும்பும்போதுதான் கரண்டியாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் சாதாரணக் கறுப்பு அலகு. சுற்றிலும் அதே அளவு, அதே சாம்பல் நிறத்தில் ஆயிரக்கணக்கான கொசு உள்ளான்கள் மேயும். அனுபவமுள்ளவர்கள் அலகைத் தேடுவதில்லை, நடத்தையைத் தேடுகிறார்கள். கொசு உள்ளான் தையல் இயந்திரம்போலக் கொத்திக் கொத்திப் போகும். கரண்டிமூக்கு, தலையைக் குனிந்து சேற்று நீரில் இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டு போகும். அதைக் கண்டுபிடித்து, அதன் கால் சேற்றுக்கு வெளியே வரும் வரை காத்திருந்து, கொடி இருக்கிறதா என்று பார்த்து, எழுத்தைப் படிக்க வேண்டும். இதற்குள் கடல் ஏறத் தொடங்கியிருக்கும்.

கொடியால் எண்ணவும் முடியும்

கால்கொடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'இந்தப் பறவை அங்கே போனது' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதைவிட அழகான ஒரு பயன் இருக்கிறது. உலகில் மொத்தம் எத்தனை பறவைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதை, எல்லாவற்றையும் பார்க்காமலே கணக்கிடலாம்.

ஒரு குளத்தில் எத்தனை மீன் என்று தெரிய வேண்டும். நூறு மீனைப் பிடித்து, அடையாளம் வைத்து, மறுபடி விட்டுவிடுகிறீர்கள். சில நாள் கழித்து வலை வீசினால் ஐம்பது மீன் வருகிறது, அதில் ஐந்தில் அடையாளம் இருக்கிறது. அதாவது பத்தில் ஒன்று. அப்படியானால் நீங்கள் அடையாளம் வைத்த நூறும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். குளத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீன். கணக்கு இவ்வளவுதான்.

பறவைகளுக்கு இதைப் போடும்போது இரண்டு விஷயம் உறுத்தும். கொடி மாட்டிய பறவைகளில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன? கொடி உள்ளதும் இல்லாததும் நன்றாகக் கலந்திருக்கின்றனவா, இல்லை கொடி உள்ளவை ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா? முதல் கேள்விக்கு, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பார்த்த கொடிகளின் பதிவிலிருந்து விடை எடுக்கலாம். இரண்டாவதற்கு, எல்லோரும் வந்து கூடும் இடமாகப் பார்த்து எண்ண வேண்டும். சீனாவின் ஜியாங்சு மாகாணக் கடலோரம் அப்படிப்பட்ட இடம். 2014-இல் அங்கே பார்த்த பறவைகளில் எத்தனை கொடியோடு இருந்தன என்ற விகிதத்தை வைத்து, உலகில் மிஞ்சியிருப்பவை இருநூற்றுச் சொச்சம் இணைகள் என்று கணக்கிட்டார்கள். 1970-களில் இது இரண்டாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. நடுவில் 2002 முதல் 2009 வரை ஆண்டுக்குச் சுமார் 26 விழுக்காடு என்ற வேகத்தில் சரிந்தது. வங்கியில் போட்ட பணம் இந்த வேகத்தில் குறைந்தால் இரண்டரை ஆண்டுக்குள் பாதியாகிவிடும்.

ஒரு நெகிழித் துண்டு, ஒரு தொலைநோக்கி, பொறுமையான ஒரு மனிதர். செயற்கைக்கோளால் இந்தக் கணக்கைப் போட முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியனை மட்டும் பார்த்து இடத்தைச் சொல்லும் கருவி

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பொருள் ஒளிமானிதான். ஒரு கிராமுக்கும் குறைவான எடை. அதில் ஒரு கடிகாரம், ஒரு ஒளி உணரி, கொஞ்சம் நினைவகம், ஒரு பொடி மின்கலம். செயற்கைக்கோள் தொடர்பு கிடையாது, அலைபேசித் தொடர்பும் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'இப்போது எவ்வளவு வெளிச்சம்' என்று குறித்துக்கொள்ளும். வேறெதுவும் செய்யாது.

அதிலிருந்து இடம் எப்படிக் கிடைக்கும்? வெளிச்சப் பதிவிலிருந்து ஒவ்வொரு நாளும் சூரியன் எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் சரிபாதி நேரம்தான் உச்சி. இப்போது கருவியின் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பறவை இருக்கும் இடத்தில் உச்சி, அந்தக் கடிகாரத்தின்படி காலை 5 மணிக்கே வந்துவிடுகிறது. லண்டனைவிட 7 மணி நேரம் முந்தி. பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது. ஏழு பதினைந்து நூற்றைந்து. பறவை ஏறத்தாழ 105 பாகை கிழக்கில் இருக்கிறது. தாய்லாந்தும் வியட்நாமும் அந்தப் பக்கம்தான்.

கிழக்கு மேற்கு ஆயிற்று. வடக்கு தெற்கு? அதற்குப் பகலின் நீளம். ஜூன் மாதத்தில் பூமத்திய ரேகையில் பகல் சுமார் 12 மணி நேரம். அதே நாளில் மெய்னிபில்கினோவில் ஏறக்குறைய 20 மணி நேரம். நடுவில் எங்கே இருந்தாலும், நடுவில் ஒரு நீளம். தேதி தெரிந்தால், பகலின் நீளத்திலிருந்து எவ்வளவு வடக்கு என்று சொல்லிவிடலாம். கப்பலோட்டிகளும் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஏறக்குறைய இப்படித்தான் சூரியனையும் கடிகாரத்தையும் வைத்து நடுக்கடலில் தங்கள் இடத்தைக் கணக்கிட்டார்கள். அந்த உத்தி இன்று ஒரு பறவையின் காலில் உட்கார்ந்திருக்கிறது.

இனி அதன் வம்புகளைப் பார்ப்போம். முதலாவது, மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டி உலகம் முழுக்கப் பகலும் இரவும் சமம். அப்போது பகலின் நீளத்தை வைத்து வடக்கு தெற்கு சொல்லவே முடியாது. எல்லா இடத்திலும் 12 மணி நேரம்தானே. அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்குக் கருவிக்குப் பாதிக் கண் தெரியாது. பறவைகள் மும்முரமாக இடம் மாறும் காலமும் அதுவாகவே அமைந்துவிடுவது வேடிக்கைதான். இரண்டாவது, உணரியை ஒரு இறகு மறைத்தால்கூடச் சூரியன் தாமதமாக உதித்ததாகக் கருவி நினைத்துக்கொள்ளும். அதனால் உச்சி நேரம் நான்கு நிமிடம் தவறினால் பூமத்திய ரேகைப் பக்கம் 111 கிலோமீட்டர் தள்ளிப்போகும். சேற்றுப் பரப்பைத் தேடுகிறவருக்கு இது மிகப் பெரிய பிழை. மூன்றாவதுதான் வேதனையானது. பதிவு முழுக்கக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே பறவையை மறுபடி பிடித்துக் கருவியைக் கழற்றினால்தான் படிக்க முடியும். பறவை திரும்பி வராவிட்டால் அதோடு அந்த ஆண்டின் கதையும் போயிற்று. வழியில் செத்துப்போன பறவை எங்கே செத்தது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம். அதை மட்டும் இந்தக் கருவி சொல்லவே சொல்லாது.

வானத்திலிருந்து கேட்பது

செத்த இடத்தையும் சொல்லக்கூடியது செயற்கைக்கோள் ஒலிபரப்பி. 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் என்ற அமைப்புதான் இதில் மூத்தது. சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றும் செயற்கைக்கோள்கள் இதன் காதுகள்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, இங்கே பறவையின் முதுகிலுள்ள கருவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. அது ஒரே அலைவரிசையில் 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று கூவிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இடத்தைக் கண்டுபிடிப்பது செயற்கைக்கோளின் வேலை. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கீச்சென்று உயர்ந்தும், கடந்து போனதும் தணிந்தும் கேட்குமே, அதே விளைவுதான். செயற்கைக்கோள் பறவையை நெருங்கும்போது அலைவரிசை சற்று உயர்ந்து தெரியும், விலகும்போது தாழும். ஏறி இறங்கும் விதத்தையும், மாறும் நொடியையும் வைத்துப் பறவையின் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். கூவல் பல கிடைத்து எல்லாம் கூடிவந்தால் பிழை 250 மீட்டருக்குள் அடங்கும். ஒன்றிரண்டு கூவல் மட்டும் கிடைத்தால் பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தரம் போட்டு அனுப்புகிறார்கள். தரம் குறைந்த புள்ளியையும் சேர்த்து வரைந்தால் பறவை நடுக்கடலில் நிற்பதுபோலவோ மலை மேல் மேய்வதுபோலவோ தெரியும்.

எடைதான் பெரிய வில்லன். பறவையின் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் சுமத்தக்கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். 30 கிராமுக்கு 3 விழுக்காடு என்றால் 0.9 கிராம். ஆனால் 2016 அக்டோபரில், ஜியாங்சு கரையில் மூன்று கரண்டிமூக்கு உள்ளான்களுக்கு முதன்முறையாகச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது, கிடைத்ததிலேயே சிறியது சுமார் 2 கிராம். அதாவது பறவையின் எடையில் ஆறேழு விழுக்காடு. அறுபது கிலோ மனிதருக்கு நான்கு கிலோ பையை மாட்டிக் கண்டம் தாண்டி அனுப்புவதுபோல. செய்திருக்க வேண்டுமா? உலகில் சில நூறே இருக்கும்போது ஒன்றின் உயிரைப் பணயம் வைப்பது சரியா என்ற கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. என் கட்சி, செய்தது சரி என்பதுதான். அவை எங்கே தங்குகின்றன என்று தெரியாமலே விட்டிருந்தால், முதுகில் சுமை இல்லாத பறவைகளும் தூர்த்துப்போன சேற்றின் மேல் வந்து இறங்கிப் பட்டினி கிடந்திருக்கும்.

இந்தச் சின்னக் கருவிகளுக்கு உணவு சூரிய ஒளி. மின்னேற்றம் ஆனதும் சில மணி நேரம் கூவும், பிறகு ஒன்றிரண்டு நாள் மௌனமாகி மறுபடி மின்னேற்றிக்கொள்ளும். தொடர்ந்து மேகமூட்டம் என்றாலோ, இறகு சூரியத் தகட்டை மூடிக்கொண்டாலோ மௌனம் நீளும். இந்த மௌனத்தைப் படிப்பதுதான் கடினம். பறவை செத்துவிட்டதா, கருவி கழன்று சேற்றில் விழுந்ததா, இல்லை வெயில் இல்லையா? ஒரே இடத்திலிருந்து, பல ஏற்றமும் வற்றமும் கடந்தும், புள்ளி அசையாமல் கூவிக்கொண்டே இருந்தால் நல்ல செய்தி அல்ல. உயிருள்ள உள்ளான் கடல் ஏறும்போது மேட்டுக்குப் போயே தீர வேண்டும்.

ஜி.பி.எஸ். வைத்த கருவிகளும் உண்டு. அவற்றுக்குத் தங்கள் இடம் சில மீட்டர் துல்லியத்தில் தெரியும். சேர்த்து வைத்த புள்ளிகளை அலைபேசிக் கோபுரம் எட்டும்போது மொத்தமாக அனுப்பும். பெரிய கரைப்பறவைகளுக்கு இவை அருமை. 30 கிராம் பறவைக்குக் கனம். இன்னொரு பக்கம், ஒரு கிராமுக்கும் குறைவான வானொலிச் சில்லுகள் இருக்கின்றன. கரையோரம் நட்டுவைத்த ஏற்பிக் கம்பங்களைப் பறவை கடக்கும்போது அவை பதிவாகும். கம்பம் இல்லாத கடலோரத்தில் அவை ஊமை.

கோடு பெரிதா, புள்ளி பெரிதா?

வலசைக் கண்காணிப்பில் உலகப் புகழ்பெற்ற கோடுகள் பட்டைவால் மூக்கன் என்னும் பறவையுடையவை. 2007-இல் ஒரு பெண் பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு எட்டு நாளில், எங்கும் இறங்காமல், 11,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. 2022-இல் பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாத ஒரு இளம் பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் கடந்தது. கரண்டிமூக்கு உள்ளானுக்கு இப்படிப்பட்ட சாதனை எதுவும் கிடையாது. அது கரையை ஒட்டி, நின்று நின்று போகிற பறவை. அதனால்தான் அதன் கதையில் புள்ளிகள் அவ்வளவு முக்கியம்.

கொடிப் பதிவுகளும் செயற்கைக்கோள் புள்ளிகளும் சேர்ந்து காட்டிய மிகப் பெரிய புள்ளி ஜியாங்சு கரை, குறிப்பாகத் தியாவோசினி என்ற சேற்றுப் பரப்பு. முதிர்ந்த பறவைகள் கோடையின் கடைசியில் அங்கே வந்து இறங்கி, அக்டோபர் வரைகூடத் தங்கிவிடுகின்றன. எரிபொருள் நிரப்ப இவ்வளவு நாள் எதற்கு? அங்கேதான் அவை சிறகை மாற்றிக்கொள்கின்றன. ஓராண்டுப் பயணத்தில் நைந்துபோன பறக்கும் இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து புதிது முளைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் சிறகில் ஓட்டை இருக்கும், நீண்ட தூரம் பறக்க முடியாது. வண்டியைப் பட்டறையில் பிரித்துப் போட்டிருக்கும் நிலை. உலகத்துக் கரண்டிமூக்கு உள்ளான்களில் பாதிக்கும் மேல் ஆண்டில் இந்த மாதங்களில் ஒரே கடலோரத்தில், அகன்று போக முடியாத நிலையில் இருக்கின்றன என்றால், அந்தக் கடலோரத்தைத் தூர்ப்பதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தியாவோசினியைத் தூர்க்கும் திட்டம் இருந்தது. 2018 தொடக்கத்தில் சீன அரசு வணிக நோக்கில் கடலைத் தூர்ப்பதை நிறுத்தியது. 2019-இல் தியாவோசினி உள்ளிட்ட மஞ்சள் கடல் பறவைக் கரைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2020-இல் அங்கேயே 720 மூ, அதாவது 48 ஹெக்டேர், பரப்பில் ஓர் ஓய்விடம் அமைத்தார்கள். கடல் ஏறும்போது நனையாமல் நிற்க இடம் வேண்டும் என்றேனே, அதற்காக. 2021-இல் தென்கொரியாவின் சேற்றுக் கரைகளும் அதே பட்டியலுக்கு வந்தன. இதெல்லாம் காலில் கட்டிய கொடியால் மட்டுமே நடந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் எந்தக் கரை என்று விரல் வைத்துக் காட்ட, பல ஆண்டுப் பதிவு கையில் இருந்தது.

மொட்டமா வளைகுடாவின் கதை வேறு மாதிரி. அங்கே சேறு இருந்தது, வலையும் இருந்தது. ஏழை வேட்டைக்காரர்கள் பெரிய கரைப்பறவைகளுக்கு வலை விரிக்க, கரண்டிமூக்கும் சேர்ந்து சிக்கியது. இந்த இனத்தின் இளம் பறவைகள் முதல் கோடையில் வடக்கே திரும்புவதில்லை. தெற்கிலேயே ஓராண்டுக்கு மேல் தங்கிவிடும். ஆகவே வலையில் அதிகம் மாட்டியவை அவையே. அங்கே சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, வேட்டைக்காரர்களுக்குப் படகும் மீன்வலையும் கால்நடையும் கொடுத்து வேறு பிழைப்புக்கு வழி செய்தது பலன் தந்தது. 2017-இல் வளைகுடா, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் பட்டியலில் சேர்ந்தது.

நீங்கள் ஒரு கொடியைப் பார்த்தால்

கரைப்பறவைகள் வரும் எந்தக் கடலோரத்திலும் கால்கொடியோடு ஒன்று கண்ணில் படலாம். கரண்டிமூக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. கொடி மாட்டிய கரைப்பறவை இனங்கள் நிறைய. குறித்துக்கொள்ள வேண்டியவை சில. கொடியின் நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, இரண்டு கொடி இருந்தால் எது மேலே எது கீழே, எழுத்து தெரிந்தால் எழுத்து, நாள், நேரம், இடம். மூட்டு என்றதும் ஒரு சின்ன விஷயம். பறவையின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று நாம் நினைக்கிறோமே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. பதிவு எழுதும்போது 'முழங்காலுக்கு மேலே' என்று எழுதினாலும் படிக்கிறவர்களுக்குப் புரியும், கவலை வேண்டாம்.

இடது வலது பறவைக்கு இடது வலது, உங்களுக்கு அல்ல. எதிரே நிற்கும் பறவையில் இதை மாற்றி எழுதாதவர்கள் குறைவு. படம் எடுத்துவிடுங்கள், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். இன்னும் தெளிவாக எடுக்கலாம் என்று கிட்டே போகாதீர்கள். எழுப்பிவிட்டால் அது சேர்த்துவைத்த கொழுப்பில் கொஞ்சம் அங்கேயே கரைந்துவிடும். எழுத்து மங்கலாகி, நிறம் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, பறவைக்கு வளையமிடும் அமைப்புகளுக்கு அனுப்பிவையுங்கள். எலுமிச்சைப் பச்சை என்ற இரண்டே சொல், அந்தப் பறவை மெய்னிபில்கினோவிலிருந்து கிளம்பி உங்கள் கண் முன்னால் வரை உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.